கிளிநொச்சியில் கட்டும் வீட்டுக்குக் கனடாவில் போல பேஸ்மென்ற் (நிலத்துக்குக் கீழே அறை) வைக்கலாமா? தண்ணீர் வராமல் தடுக்க முடியுமா?

வைக்கலாம், தடுக்கவும் முடியும். ஆனால் அந்தக் காசுக்கு மேலே இரண்டு அறை கட்டிவிடலாம். எங்கள் வீட்டிலேயே ஒருவர் முயன்று பார்த்தவர், அதனால் சொல்கிறேன்.

அத்தான் ஸ்காபரோவில் இருபது வருடம் இருந்தவர். முரசுமோட்டையில் அக்காவின் காணியில் வீடு கட்ட வந்தபோது, கீழே ஓர் அறை கட்டாயம் வேண்டும் என்று நின்றார். வெயிலுக்குக் குளிர்மையாக இருக்கும், நெல்மூட்டையும் அடுக்கலாம் என்பது கணக்கு. அவர் வந்தது ஆவணியில். பெக்கோ பிடித்து ஏழடி வெட்டியும் மண் பொருக்கு வெடித்துக் கிடந்தது. "இதுக்குள்ள எங்க தண்ணி?" என்று கேட்டார். மேசன், "கார்த்திகை வரட்டும் அண்ணை" என்றதோடு சரி.

கார்த்திகையில் மழை பிடித்து மூன்றாம் கிழமை, குழிக்குள் நாலடித் தண்ணீர். மோட்டர் வைத்து இறைத்தார்கள். விடிந்து பார்த்தால் மறுபடி அதே மட்டம். பக்கத்துக் கிணற்றிலும் வாளியைக் கையால் விட்டு அள்ளலாம் போல இருந்தது. அப்போதுதான் அத்தானுக்கு விளங்கியது, தான் வெட்டியது அறை இல்லை, இன்னொரு கிணறு என்று.

ரொறன்ரோவில் பேஸ்மென்ற் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. பனிக்காலத்தில் அங்கே மண்ணே உறைந்து வீங்கும். அத்திவாரம் அந்த உறைமட்டத்துக்குக் கீழே, ஏறத்தாழ நாலடி ஆழத்துக்குப் போகவேண்டும். எப்படியும் வெட்டுகிறோம், இன்னும் கொஞ்சம் வெட்டினால் ஓர் அறை கிடைக்கும் என்ற கதை அது. வன்னியில் மண் உறைவதில்லை. இங்கே பிரச்சினை வேறு: வருட மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்கிறது, நிலத்தடி நீர் கிடுகிடுவென மேலே வருகிறது. அந்த நீர் உங்கள் கீழ்த்தளத் தரையை விட ஒரு மீற்றர் உயரத்துக்கு நின்றால், ஒவ்வொரு சதுர மீற்றர் தரையையும் ஒரு தொன் பாரத்தில் கீழிருந்து தள்ளும். தண்ணீர் இல்லாமல் வெறுமையாகக் கிடக்கும் நிலத்தடித் தொட்டிகள் மாரியில் மேலே கிளம்புவதும் இதனால்தான். உள்ளே பூசும் நீர்த்தடுப்புப் பூச்சு இந்த அழுத்தத்தில் பெரும்பாலும் உரிந்து வந்துவிடும். தண்ணீரை வெளிப்பக்கத்தில்தான் மறிக்கவேண்டும்: கம்பி போட்ட கொங்கிறீட் தரையும் சுவரும், வெளிச்சுவரில் தார்ப்படை, சுற்றிவரச் சல்லிக்கல் நிரப்பி அதற்குள் துளையிட்ட குழாய், அது போய்ச் சேர ஒரு குழி, குழிக்குள் தானாக ஓடும் மோட்டர். அடைமழையில்தான் கரண்டும் போகும் என்பதை மறக்கவேண்டாம்.

அத்தான் குழியை மூடிவிட்டு நேரெதிராகச் செய்தார். அத்திவாரத்தை நிலமட்டத்தில் இருந்து மூன்றடி உயர்த்தினார். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து ஊரெல்லாம் வெள்ளம் நின்றபோது, அவர் வீட்டில் தண்ணீர் கடைசிப் படியோடு நின்றது. எங்கள் பழைய வீட்டுக்குள் முழங்கால் அளவு.

எங்கள் வீட்டின் கதையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பேஸ்மென்ற் இல்லாமலே சுவர் ஓதம் பிடித்து அவதிப்படுகிறவர்கள்தான் இங்கே அதிகம். மூன்று வருடம் நான் செய்த முட்டாள்தனம், ஒவ்வொரு தைக்கும் உள்ளே புதுப் பெயின்ற் அடித்தது. அடுத்த மாரியில் கொப்புளம் போட்டு, வெள்ளையாக உப்புப் பூத்து, பொருக்காக விழும். பிறகு அதே மேசன் வந்து மண்வெட்டியால் வெளிச்சுவர் ஓரத்தை அரையடி கிண்டிக் காட்டினார். ஈரம் சுவருக்கு ஏறாமல் அத்திவாரத்துக்கு மேல் போட்ட தார்ப்படை மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. வெள்ளத்துக்குப் பயந்து முற்றத்துக்கு லோட் லோட்டாகக் கிறவல் கொட்டியது நாங்கள்தான். படைக்கு மேலே ஈரமண் முட்டினால், சீமெந்துக் கல் அதை உறிஞ்சி மேலே ஏற்றாமல் என்ன செய்யும்?

சுவரோரத்து மண்ணை வெட்டி, படைக்குக் கீழே அரையடி வெளியே தெரியவிட்டோம். முற்றத்தைப் பத்தடிக்கு அரையடி சரிவாக வாய்க்கால் பக்கம் இறக்கினோம். அப்புறம் கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் பீலி. எங்களுடையது 550 சதுர அடிக் கூரை. 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அதிலிருந்து ஏறத்தாழ 5,000 லீற்றர் விழும். அதாவது ஐந்து பெரிய கறுப்புத் தாங்கித் தண்ணீரை நீங்களே உங்கள் அத்திவாரத்தில் ஊற்றுகிறீர்கள். பீலி போட்டு, குழாயால் வேலியோரம் கொண்டுபோய் விட்டோம். உப்பைத் தண்ணீரால் கழுவாமல் காய்ந்த தூரிகையால் தட்டியெடுத்தோம். கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். கெட்ட பூச்சை உடைத்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, அதற்குப் பிறகுதான் பூசினோம்.

தரை ஈரத்துக்கு ஒரு சின்னச் சோதனை: ஒரு முழப் பொலித்தீனைத் தரையில் விரித்து நாலு பக்கமும் ரேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அடிப்பக்கம் வியர்த்தால் ஈரம் நிலத்தில் இருந்து வருகிறது. மேற்பக்கம் வியர்த்தால் காற்றில் இருக்கும் ஈரம், யன்னலைத் திறந்தாலே பாதி போகும்.

உங்கள் காணி எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. மணல் மண் என்றால் நான் சொன்னது போதும். முருங்கன் பக்கத்துக் கரிய களி போல, மழைக்கு வீங்கிக் கோடைக்கு வெடிக்கும் மண் என்றால், அத்திவாரத்தையே வேறு விதமாகப் போடவேண்டும். அதற்கு மேசன் போதாது, மண்ணைப் பார்க்கத் தெரிந்த ஒரு பொறியியலாளரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். போவதை மார்கழியில் போங்கள், ஆவணியில் வேண்டாம்.