அந்தமானுக்கு ஆறு நாட்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜனவரி இறுதியில் நானும் கணவரும், ஒன்பது வயது மகளும், முழங்கால் வலியுள்ள 68 வயது மாமியாரும் ஆறு நாட்கள் அந்தமான் செல்ல இருக்கிறோம். சுற்றுலா முகவர் தந்த திட்டத்தில் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், ராஸ், பாரடாங், டிக்லிபூர் ஆகிய அனைத்தும் இருக்கின்றன. இது சாத்தியமா? (மதுரை வாசகி)

பதில்: முடியாது, முயலவும் வேண்டாம். டிக்லிபூர் வடக்கு அந்தமானில் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர் என்பதால், போவதற்கு ஒரு பகலும் திரும்புவதற்கு ஒரு பகலும் கழிந்துவிடும். முழங்கால் வலியோடு அவ்வளவு நேரம் வண்டியில் உட்கார வைப்பது உங்கள் மாமியாருக்குத் தண்டனையாகிவிடும். இன்னொன்றையும் முகவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ராஸ் என்ற பெயரில் அங்கே இரண்டு தீவுகள் உண்டு. ஒன்று போர்ட் பிளேர் துறைக்கு எதிரே, படகில் சில நிமிடங்களில் போய்ச் சேரக்கூடியது. மற்றொன்று டிக்லிபூர் அருகே, ஸ்மித் தீவோடு மணல்திட்டால் இணைந்திருப்பது. விளம்பரத்தில் ஒன்றின் படத்தைப் பார்த்துவிட்டு மற்றொன்றில் போய் இறங்கி ஏமாந்தவர்கள் பலர்.

பெயர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு என்றும், நீல் ஷாகீத் தீவு என்றும், போர்ட் பிளேருக்கு எதிரே உள்ள ராஸ் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்றும் பெயர் மாற்றப்பட்டன. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பயணச்சீட்டில் ஒரு பெயரும் விடுதிச் சீட்டில் இன்னொரு பெயரும் இருந்தால் பதற வேண்டாம்.

தீவுப் பயணத்தைத் திரும்பும் நாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காற்று வலுத்தால் தீவுகளுக்கிடையே ஓடும் படகுகளை நிறுத்திவிடுவார்கள். விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. ஒருமுறை நீல் தீவின் படகுத்துறையில், மறுநாள் காலை விமானத்துக்குச் சீட்டு வைத்துக்கொண்டு, பெட்டிகளின் மேல் உட்கார்ந்தபடி மாலை வரை கடலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று படகு வரவேயில்லை. அதனால் கடைசி இரவை எக்காரணம் கொண்டும் போர்ட் பிளேரில்தான் கழிக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

உங்கள் ஐந்து இரவுகளில் முதலாவதும் கடைசியும் போர்ட் பிளேருக்கு, நடுவில் இரண்டு ஹேவ்லாக்கிற்கு, ஒன்று நீலுக்கு. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்தான் ஆகும் என்பதால், காலை விமானத்தில் சென்றால் அன்று பிற்பகலே செல்லுலார் சிறையைப் பார்த்துவிடலாம். 1896-இல் தொடங்கி 1906-இல் முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் ஏழு கிளைகளில் இன்று மூன்றே எஞ்சியுள்ளன. ஒரு கிளையின் அறைகள் அடுத்த கிளையின் முதுகைப் பார்க்குமாறு கட்டப்பட்டிருப்பதால், கைதி ஒருவர் மற்றொரு கைதியின் முகத்தைக் காணவே முடியாது. இதை மகளுக்கு அங்கேயே ஓர் அறைக்குள் நிற்க வைத்துச் சொல்லுங்கள். மாமியார் மாடி ஏற வேண்டியதில்லை. முற்றத்தில் அமர்ந்தபடியே மாலை ஒலி–ஒளிக் காட்சியைப் பார்க்கலாம். ராஸ் தீவை ஐந்தாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் கட்டிய தேவாலயச் சுவர்களை ஆலமர வகை மரங்களின் வேர்கள் கைவிரல்கள்போலப் பற்றிக்கொண்டிருப்பதையும், இடிபாடுகளுக்கு நடுவே புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்வதையும் அருகில் நின்று பார்க்கலாம்.

ஹேவ்லாக்கிற்குத் தனியார் விரைவுப் படகில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். சீட்டுகளை விமானச் சீட்டு எடுத்த கையோடு பதிவு செய்துவிடுங்கள். ஜனவரியில் இடம் எளிதில் கிடைக்காது. விடுதி எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான விடுதிகள் தீவின் கிழக்குக் கரையில் உள்ளன. அங்கே நீர் வற்றும் வேளையில் கடல் வெகுதூரம் உள்வாங்கிப் பாறையும் சேறுமாகக் கிடக்கும். அறை வாசலிலேயே நீந்தலாம் என்று எண்ணிச் செல்பவர்கள் மனம் வாடிவிடுவார்கள். குளிப்பதற்கு ஏற்ற மணற்கரை மேற்கே உள்ள ராதாநகர். அதற்கு ஒரு முழுப் பிற்பகலை ஒதுக்குங்கள், ஆனால் சீக்கிரம் போய்விடுங்கள். அந்தமான் நம்மைவிட வெகு கிழக்கே இருந்தும் கடிகாரம் மட்டும் இந்திய நேரத்தையே பின்பற்றுவதால், ஜனவரியில் மாலை ஐந்தரைக்குள் கதிரவன் மறைந்துவிடும். ஐந்து மணிக்குக் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் இருட்டைத்தான் காண்பீர்கள். உப்புநீர் முதலை பற்றிய எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் இடங்களில், குறிப்பாக ஓடை கடலில் கலக்கும் பக்கம், மகளை இறங்கவே விடாதீர்கள்.

நீல் தீவின் இயற்கைக் கற்பாலத்துக்கு நீர் வற்றும் நேரத்தில்தான் செல்ல முடியும். வழுக்கும் பாறைகள் மீது நடக்க வேண்டும். உங்கள் மாமியாரைப் பரத்பூர் கடற்கரை நிழலில் அமர வைத்துவிட்டு நீங்கள் மட்டும் சென்று வாருங்கள். பாறைக் குழிகளில் தேங்கிய தெளிந்த நீரில் கடல் வெள்ளரியும் சிறு நண்டும் கிடப்பதை மகள் குனிந்து பார்க்கட்டும். பிடிப்புள்ள செருப்பு அவசியம். கையில் ரொக்கமும் வைத்திருங்கள்.

கேள்வி: பாரடாங் பயணத்தில் பழங்குடியினரை வழியில் பார்க்கலாம் என்கிறார்களே, அதற்காகவேனும் ஒரு நாள் ஒதுக்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: அதற்காக என்றால் தயவுசெய்து செல்லாதீர்கள். பாரடாங் செல்லும் அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவா மக்களின் காப்புக்காட்டை ஊடறுத்துச் செல்கிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வாகனங்களை வரிசையாகக் காவலோடுதான் அனுப்புகிறார்கள். வழியில் நிறுத்துவதோ, படம் எடுப்பதோ, உணவு கொடுப்பதோ பழங்குடியினரைப் பாதுகாக்க 1956-இல் கொண்டுவரப்பட்ட ஒழுங்குவிதியின் கீழ்க் குற்றம். சில நூறு பேரே உள்ள ஒரு சமூகம் அது. நமக்குச் சாதாரணமாக வந்து போகும் தொற்று நோய்கள் அவர்களுக்குப் பேராபத்தாகலாம். 2002-இல் உச்ச நீதிமன்றம் இச்சாலையின் ஒரு பகுதியை மூட உத்தரவிட்ட பிறகும் போக்குவரத்து நடந்துகொண்டுதான் இருக்கிறது என்பது எனக்கு ஆழ்ந்த வருத்தம். பாரடாங்கின் சுண்ணாம்புக் குகைகள் அழகானவைதான், மறுக்கவில்லை. ஆனாலும் மனிதர்களைச் சன்னல் வழியே வேடிக்கை பார்க்கும் ஒரு பயணத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அந்த ஒரு நாளைப் போர்ட் பிளேர் அருகேயுள்ள வண்டூரிலிருந்து செல்லும் கடல் தேசியப் பூங்காவுக்குக் கொடுங்கள். அங்கே ஜாலி பாய், ரெட் ஸ்கின் ஆகிய இரு தீவுகளையும் பவளப் பாறைகளுக்கு ஓய்வு கிடைக்கும்படி மாற்றி மாற்றித் திறக்கிறார்கள்.

கேள்வி: கடைசி நாள் காலை ஸ்கூபா (மூச்சுக் கருவியோடு கடலுக்குள் மூழ்குவது) முடித்துவிட்டு மதிய விமானம் ஏறலாமா? நீச்சல் தெரியாது. (கோவை வாசகர்)

பதில்: நீச்சல் தெரியாதது பெரிய தடையில்லை, பயிற்சியாளர் உங்களைப் பிடித்தபடியேதான் முதல் முறை அழைத்துச் செல்வார். விமானம்தான் ஆபத்து. ஆழத்தில் அழுத்தம் மிகுதியாக இருப்பதால் நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கூடுதலாகக் கரைகிறது. அது மெல்ல வெளியேற நேரம் கொடுக்காமல், அழுத்தம் குறைந்த விமான அறைக்குள் சென்றால், சோடா புட்டியைத் திறந்ததுபோல அது குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கக்கூடும். குறைந்தது 18 மணி நேர இடைவெளி விடுங்கள். ஹேவ்லாக் சென்ற மறுநாள் காலையிலேயே ஸ்கூபாவை முடித்துக்கொள்வது மிக நல்லது. ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: கரையில் ஒதுங்கிய சங்கு, பவளத் துண்டுகளை நினைவுக்கு எடுத்து வரலாமா? (தஞ்சை வாசகி)

பதில்: கூடாது. பவளங்களும் பல சங்கு வகைகளும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. விமான நிலையச் சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். நீங்கள் காலியானது என்று நினைக்கும் சங்கைச் சற்று நேரம் அசையாமல் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பல வேளைகளில் உள்ளிருந்து மெல்லிய கால்கள் நீளும். சொந்த ஓடில்லாத ஒருவகை நண்டு அதில் குடியிருக்கும். எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.