வேலையிடத்தில் ஊழியர்கள் சந்தோஷமாக இருக்க முதலாளி என்ன செய்யலாம்?

வேலையில் சந்தோஷம் என்றால் எந்நேரமும் சிரித்துக்கொண்டிருப்பது இல்லை. காலையில் கிளம்பும்போது மனசு கசக்காமல் இருக்க வேண்டும், செய்கிற வேலைக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஃப்ரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-லேயே ஒன்றைச் சொன்னார்: வேலையில் வெறுப்பேற்றும் காரணங்கள் வேறு, உற்சாகம் தரும் காரணங்கள் வேறு. சம்பளம், மேலாளர் நடத்தும் விதம், வேலையிட வசதி எல்லாம் முதல் வகை; பாராட்டு, பொறுப்பு, வளர்ச்சி இரண்டாவது வகை. முதலாவதைச் சரிசெய்யாமல் இரண்டாவதில் இறங்குவது, ஷூவுக்குள் கல்லை விட்டுவிட்டு மேலே பாலிஷ் போடுவது மாதிரி (ஷூ தொழில் நடக்கும் ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்).

அதனால் கல்லை முதலில் எடுங்கள். மே மாத வேலூர் வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் தைக்கிறவருக்கு நல்ல காற்றும் குடிதண்ணீரும், குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்ணுக்கு அடுத்த வார ஷிப்ட் என்னவென்று முன்கூட்டியே ஒரு தகவலும், இதெல்லாம் பெரிய செலவே இல்லை. கடை ஊழியர் உட்கார இருக்கை தருவதை 2021-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தமாகவே கொண்டுவந்தது. சட்டம் போட்டுத்தான் நாற்காலி வர வேண்டியிருந்தது என்பது தனிக் கதை. அப்புறம், திட்டுவதாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், பாராட்டை எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.

தீபாவளி ஸ்வீட் பாக்ஸும் வருடத்துக்கு ஒரு ஏலகிரி டூரும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அதெல்லாம் இதற்கு ஈடாகாது; சம்பளம் தேதி தவறி வருகிற இடத்தில் அவை எரிச்சலைத்தான் கூட்டும்.