40 விநாடி கிளிப்புக்கு வெளிமாநில போலீஸ் நோட்டீஸ்: அரசியல் காமெடியன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: நான் சென்னையில் வசிக்கும் ஸ்டாண்ட்-அப் காமெடியன். அரசியல் நையாண்டிதான் என் பிழைப்பு. ஒன்றரை மணி நேர ஷோவிலிருந்து 40 விநாடியை மட்டும் வெட்டிப் பரப்பிவிட்டார்கள். வேறொரு மாநிலத்தில் ஒரு கட்சிக்காரர் புகார் கொடுக்க, பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, குற்றங்களுக்கான தண்டனைச் சட்டம்) 353(1)(பி), 353(2), 356(2) பிரிவுகளில், அதாவது மக்களிடம் பீதி கிளப்பியது, பகையைத் தூண்டியது, அவதூறு என்று எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள். மூன்று நாளில் நேரில் வரும்படி வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்தது. யூடியூப் வீடியோவை அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுவிடு என்கிறார்கள் நண்பர்கள். நஷ்டம் எதுவானாலும் என் பொறுப்பு என்று எழுதித் தரச் சொல்கிறார் அரங்க உரிமையாளர். என்ன செய்வது?

பதில்: முதல் வேலை, வீடியோவை அழிக்காமல் இருப்பது. வழக்குப் பதிவான பிறகு ஆதாரத்தை மறைக்கும் நோக்கில் ஒரு மின்னணுப் பதிவை அழித்தால் அதுவே பி.என்.எஸ். 241-இன் கீழ் தனிக் குற்றம். மூன்று ஆண்டுவரை சிறை. பயமாக இருந்தால் 'பிரைவேட்' ஆக்கி வையுங்கள், போதும். முழு ஷோவின் மூலப் பதிவை, எடிட் செய்யாத கோப்பாகவே, இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, ஹேஷ் மதிப்பை (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீட்டை) குறித்துக்கொண்டு, ஒன்றை உங்கள் வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள். நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்ய பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் இந்த ஹேஷ் மதிப்பு கேட்கப்படும். போலீஸ் உங்கள் போனை எடுத்துக்கொண்ட பிறகு இதையெல்லாம் செய்ய முடியாது. வெட்டிய 40 விநாடிக்கு எதிராக உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் அந்த முழுப் பதிவுதான்.

நோட்டீஸுக்கு வருவோம். பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35-ஆம் பிரிவின்கீழ் விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதற்காகப் பதில் தராமல் இருந்துவிடாதீர்கள். 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுத அவர்களுக்கு அதுவே போதும். வழக்கறிஞர் மூலம் ஸ்பீட் போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் பதில் அனுப்புங்கள்: நோட்டீஸ் முறைப்படி வழங்கப்படவில்லை, எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும், நேரில் வர அவகாசம் வேண்டும், மிரட்டல்கள் இருப்பதால் வீடியோ கான்ஃபரன்ஸ் மூலம் விசாரணைக்குத் தயார். ஷோவின் உள்ளடக்கம் பற்றி அதில் ஒரு வரிகூட வேண்டாம்.

அதே வாரத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில் டிரான்சிட் முன்ஜாமீன் (வழக்குள்ள மாநில நீதிமன்றத்தை அணுகும்வரை கைதிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பு) மனு போடுங்கள். வெளிமாநில எஃப்.ஐ.ஆருக்கும் இங்கே குறுகிய காலப் பாதுகாப்பு பெறலாம் என்பதை பிரியா இந்தோரியா வழக்கில் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. மும்பையில் வழக்குப் பதிவான காமெடியன் குணால் கம்ராவுக்கு, அவர் விழுப்புரம் மாவட்டத்தில் வசிப்பதால், 2025 மார்ச் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இப்படித்தான் இடைக்கால முன்ஜாமீன் கொடுத்தது. குடியிருப்புச் சான்று, வாடகை ஒப்பந்தம், மிரட்டல் அழைப்புகள், செய்திகளின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் மனுவோடு இருக்க வேண்டும். உடனே வழக்குள்ள மாநிலத்துக்குப் போய் முன்ஜாமீன் கேட்க முடியாததற்கான காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள்; பல மனுக்கள் தடுமாறுவது இங்கேதான். கிடைக்கும் சில வாரங்களுக்குள் அந்த மாநில நீதிமன்றத்தில் வழக்கமான முன்ஜாமீனும், அங்குள்ள உயர் நீதிமன்றத்தில் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யும் மனுவும் (பி.என்.எஸ்.எஸ். 528) போட்டாக வேண்டும்.

ரத்து மனுவில் உங்களுக்கு நல்ல வாதம் இருக்கிறது. அவதூறுக்கு மட்டும் (356) போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் தர வேண்டும். கூடவே 353(2) போன்ற ஒரு பிரிவு சேர்ந்தால்தான் போலீஸ் நேரடியாக வழக்கை நடத்த முடியும். ஆகவே 353 விழுந்தால் வழக்கும் விழும். 353(2) மதம், இனம், மொழி, சாதி போன்ற அடிப்படையிலான பிரிவினரிடையே பகையைத் தூண்டும் பேச்சுக்கானது. ஓர் அரசியல் கட்சி அப்படியொரு சமூகம் ஆகாது. 1997-இல் பிலால் அகமது கலூ வழக்கிலேயே, குறைந்தது இரண்டு சமூகங்கள் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடுத்தது இம்ரான் பிரதாப்கடி வழக்கு, உச்ச நீதிமன்றத்தின் 2025 மார்ச் 28 தீர்ப்பு. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சுக் குற்றங்களில் எஃப்.ஐ.ஆருக்கு முன்பே பி.என்.எஸ்.எஸ். 173(3)-இன்படி 14 நாளில் முதற்கட்ட விசாரணை நடத்துவது பொருத்தம் என்றும், எப்போதும் பதற்றத்தில் இருப்பவர்களின் அளவுகோலால் பேச்சை அளக்கக் கூடாது என்றும் நீதிமன்றம் சொன்னது. உங்கள் விஷயத்தில் அந்த விசாரணை நடந்ததா என்று எஃப்.ஐ.ஆரிலேயே பாருங்கள்.

இந்தச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் கவசம் ஆகிவிடாது. "அவர் ஆட்சி தூங்குமூஞ்சி ஆட்சி" என்பது கருத்து. "அந்தப் பாலத்தில் அவர் அஞ்சு கோடி வாங்கினார்" என்பது உண்மைத் தகவல் போன்ற கூற்று. ஆதாரம் இல்லையென்றால், சிரிப்புக்குச் சொன்னேன் என்பது உங்களைக் காப்பாற்றாது. இனி ஸ்கிரிப்ட்டில் இப்படி வரும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலேயே வேட்புமனு பிரமாணப் பத்திரம், தணிக்கை அறிக்கை, தீர்ப்பு என்று ஆதாரத்தைத் தேதியோடு எழுதி வையுங்கள். சாதியை இழுக்கும் ஜோக்கை அடியோடு தவிருங்கள்: எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு வந்தால், 18-ஆம் பிரிவு முன்ஜாமீனையே தடுக்கிறது.

மன்னிப்பு வீடியோ இப்போது வேண்டாம். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அதை நாளை எடுத்துக் காட்டுவார்கள். சமரசம் தேவை என்றால் வழக்கறிஞர் மூலம், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் பேசலாம். அவதூறு சமரசத்துக்கு உரிய குற்றம்தான்.

அரங்க உரிமையாளரின் பயம் நியாயமானது, ஆனால் வரம்பில்லாத உறுதிமொழியில் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று வரம்புகளை எழுதச் சொல்லுங்கள்: நீங்கள் பேசியது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் இறுதியாகத் தீர்த்தால் மட்டுமே பொறுப்பு, தொகை அந்த ஷோவுக்கு நீங்கள் வாங்கிய சம்பளத்தைத் தாண்டாது, வெளியாள் வந்து நாற்காலியை உடைத்தால் அது உங்கள் கணக்கில் வராது. உடைத்தவர் மீது தமிழ்நாட்டின் 1992-ஆம் ஆண்டு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அரங்க உரிமையாளரே புகார் கொடுக்கலாம், அந்தச் சட்டம் தனியார் சொத்துக்கும் பொருந்தும்.