ஆற்று இறாலுக்குக் கடலில் என்ன வேலை?

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நன்னீர் இறாலைப் பற்றியவை. மழைக்காலம், பிள்ளைகள் வலையும் போத்தலுமாக வாய்க்கால் ஓரம் நிற்கும் காலம் என்பதால் இருக்கலாம்.

தலங்கமைப் பக்கத்து வாய்க்காலில் பிள்ளைகள் கண்ணாடி மாதிரிச் சின்ன இறால்கள் பிடித்து வந்தார்கள். இவை பெரிய இறாலின் குஞ்சுகளா? (வெள்ளவத்தை வாசகி)

அப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வெள்ளைக் கிண்ணம் ஒன்றில் விட்டு முன்கால்களைப் பாருங்கள். மெலிந்து நீண்ட இரண்டு கைகள் முன்னால் துருத்திக்கொண்டு, நுனியில் கிடுக்கியோடு இருந்தால் அது மாக்ரோபிராக்கியம். அந்தப் பேரினத்தில் முழங்கை நீளம் வளர்பவையும் உண்டு, விரல் நீளத்தைத் தாண்டாதவையும் உண்டு. கைகள் குட்டையாகவும் நுனியில் மயிர்க்கற்றையோடும் இருந்தால் கரிடினா. அது முழுதாக வளர்ந்தாலே இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான். கல்லிலும் சருகிலும் படிந்த பாசியை அந்த மயிரால் கூட்டி அள்ளி, ஒரு கை மாற்றி ஒரு கையாக வாயில் வைத்துக்கொண்டே இருக்கும். பிள்ளைகளை அரை மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார வைக்க இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது. எந்த இனம் என்று சொல்ல நெற்றிமுள்ளின் பற்களை உருப்பெருக்கியில் எண்ண வேண்டும், போன் படம் போதாது. பார்த்து முடிந்ததும் பிடித்த வாய்க்காலிலேயே விடச் சொல்லுங்கள்.

என் தொட்டியில் செரி இறால் தாராளமாகப் பெருகுகிறது. அமானோ இறாலும் வயிறு நிறைய முட்டை சுமக்கிறது, ஆனால் ஒரு குஞ்சு கூடத் தேறவில்லை. தண்ணீரில் பிழையா? (தெஹிவளை வாசகர்)

தண்ணீரில் பிழையில்லை, உப்பில்லை என்பதுதான் விஷயம். செரி இறால் இருபது முப்பது பெரிய முட்டைகள் இடும். அவற்றிலிருந்து தாயின் வடிவத்திலேயே குட்டி இறால் வெளிவரும். அமானோ ஆயிரத்துக்கு மேல் பொடி முட்டைகள் சுமக்கும். பொரிப்பது இறால் குஞ்சல்ல, மிதந்து திரியும் நுண்ணிய இளவுயிரி. இயற்கையில் அது ஆற்றோடு அடித்துச் செல்லப்பட்டு, கடலில் வளர்ந்து, சின்ன இறாலாகி மறுபடி ஆற்றில் ஏறும். உப்பில்லாத உங்கள் தொட்டியில் சில நாளில் செத்துவிடும், வடிகட்டியும் உறிஞ்சிவிடும். கடலுப்பை நெருங்கிய நீரில் தனியாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நுண்பாசி ஊட்டிப் பல கிழமை மெனக்கெட வேண்டும். பொழுதுபோக்காக என்றால் செரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

களனி கங்கையில் ஒரு காலத்தில் கூடை கூடையாக இறால் பிடித்ததாக அப்பா சொல்வார். எல்லாம் அசுத்தத்தால் போய்விட்டதா? (கடுவலை வாசகர்)

அசுத்தத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் மேலே அமானோவுக்குச் சொன்னதை இங்கேயும் வைத்துப் பாருங்கள். நம் ஆறுகளின் பெரிய இறால்களில் பலவற்றுக்கும் இதே இருவழிப் பயணம்தான். மலையில் தண்ணீர் பளிங்காக இருந்தாலும் கழிமுகம் கெட்டால் மலையில் இறால் இராது. இதைத் தெளிவாக அளந்து காட்டியது போர்ட்டோ ரிக்கோ. அங்கே நீர் வழிந்தோட இடமில்லாத உயர்ந்த அணைகளுக்கு மேலே ஆற்று இறால்கள் அற்றுப்போயின. அவை மேயாததால் கற்களில் பாசியும் சேறும் தடித்துப் படிந்தன. நீர் வழியும் சுவர் என்றால் சின்ன இறால்கள் இரவில் ஈரத்தைப் பற்றிக்கொண்டு ஏறிவிடும், அது வேறு கதை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அங்குள்ள இன்னோர் ஆய்வு. குடிநீருக்காக ஆற்றில் நீர் உறிஞ்சும் ஓர் இடத்தில், கடலை நோக்கி மிதந்து வந்த இளவுயிரிகளில் சராசரியாக 42 வீதம் குழாய்க்குள் போயின. இளவுயிரிகள் பெருவாரியாக மிதந்து வருவது இருட்டிய பிறகு சில மணி நேரம். அந்த நேரத்தில் மட்டும் பம்பை நிறுத்தினால் இழப்பு பாதிக்கும் கீழே இறங்கும் என்று கணக்கிட்டார்கள். கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் களனியிலிருந்து எடுக்கப்படுகிறது. நகரத்தின் தாகத்தோடு விளையாட முடியாதுதான். இருந்தாலும் நேரத்தை மாற்றுவது அணையை உடைப்பதைவிட எவ்வளவோ மலிவு.

எந்த இறால் அழிவின் விளிம்பில் இருக்கிறது? பாடசாலைச் செயற்றிட்டத்துக்கு. (பம்பலப்பிட்டி மாணவி)

நல்ல கேள்வி, மகள். 2015இல் உலகின் 763 நன்னீர் இறால் இனங்களையும் சேர்த்து மதிப்பிட்டார்கள். இரண்டு அற்றுப்போயிருந்தன, மேலும் 10 அற்றுப்போயிருக்கலாம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆபத்திலோ அதன் வாசலிலோ நின்றது. பாதிக்கு மேற்பட்ட இனங்கள் நம் பக்கத்து இந்தோ-மலாய வலயத்தில்தான் வாழ்கின்றன.

செயற்றிட்டத்தை இலங்கையிலிருந்தே தொடங்குங்கள். ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் கரிடினா சிங்கலென்சிஸ் என்ற இறால் இருக்கிறது, உலகில் வேறெங்கும் இல்லை. அங்கே ஓடைகளில் இறாலைத் தின்னும் ரெயின்போ ட்ரவுட் மீனை விட்டது பிரித்தானியர் காலத்துத் தூண்டில் ஆசை. தண்ணீர் சூடேறினால் மேலே போக இன்னொரு மலையும் அந்த இறாலுக்கு இல்லை. 1988 முதல் அது தேசியப் பூங்கா. சுற்றுலா போனால் போத்தலை வெறுமையாகவே கொண்டுவாருங்கள்.

ஒப்பிட இந்தோனேசியாவின் சுலவேசியை எடுக்கலாம். மட்டானோ ஏரியின் சிவப்பு நிற, வெண்புள்ளி இறாலான கரிடினா டென்னெர்லிக்கு 2009இல்தான் அறிவியல் பெயர் கிடைத்தது. அதற்கு முன்பே அது மீன்தொட்டிச் சந்தைக்கு வந்துவிட்டது! ஏரிக்குள் பிளவர்ஹோர்ன் என்ற வேற்றூர் மீன் புகுந்துவிட்டது, கரையில் நிக்கல் சுரங்கம்.

தொட்டியில் இறால் மிஞ்சிவிட்டது. தியவன்னாவில் விட்டால் புண்ணியம்தானே? (இராஜகிரிய)

பாவம். செரி இறால் கிழக்காசியாவுக்கு உரியது. ஜெர்மனி, போலந்து, ஹவாய் நீர்நிலைகளில் இப்படி விடப்பட்டே குடியேறியது. வேற்றூர் இறாலோடு அதன் ஒட்டுண்ணியும் சேர்ந்து போகும். தெரிந்தவருக்குக் கொடுங்கள், கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், மீனுக்குப் போடுங்கள். ஆற்றிலும் வாவியிலும் வேண்டாம்.

பேலியகொடையில் நீலக் கையுள்ள பெரிய இறால் வாங்கினேன். சாப்பிடுவது தப்பா? (வத்தளை வாசகி)

இல்லை. அது மாக்ரோபிராக்கியம் ரோசன்பேர்கி, நீலக் கை வளர்ந்த ஆணுக்கு. இதன் இளவுயிரிக்கு உவர்நீர் வேண்டும் என்பதை 1960களின் தொடக்கத்தில் மலேசியாவில் ஷாவோ-வென் லிங் கண்டறிந்த பிறகே பண்ணை வளர்ப்பு சாத்தியமானது. இங்கே அரசின் நீருயிரின வளர்ப்பு நிறுவனமான நெக்டா குஞ்சுகளைக் குளங்களில் விடுகிறது, குளத்து மீனவர் பிடித்து விற்கிறார்கள். குளத்தில் அவை இனம் பெருகாது என்பதால் பிடிப்பதில் குறையில்லை. ஆற்றிலும் கழிமுகத்திலும் பிடித்த முட்டைக்காரியைக் கண்டால் மட்டும் வாங்காதீர்கள்.

கரிடினா நுளம்புப் புழுவைத் தின்னுமா? டெங்குக் காலம். (கொட்டாஞ்சேனை)

தின்னாது, அது பாசி மேய்வது. பூச்சாடித் தட்டைக் கிழமைக்கு ஒரு தடவையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.