லிஸ்பனில் 24 மணி நேரப் பாஸ் எடுத்து டிராமிலேயே ஊர் சுற்ற முடியுமா?

பெற்றோரோடு மூன்று நாள் போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பன் போகிறீர்கள், அப்பாவுக்கு முழங்கால் வலி, 24 மணி நேரப் பாஸ் எடுத்தால் கட்டுபடியாகுமா, டிராமிலேயே சமாளித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2024 மே மாதம் நான் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு அப்போது 68 வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். நீங்கள் கேட்டிருப்பதை எல்லாம் நாங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

பாஸ் எடுங்கள். நாங்கள் போனபோது அதன் விலை 6.80 யூரோ. பயண அட்டையில் முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஒரு தடவைச் சீட்டு 1.80. டிராமில் ஏறி ஓட்டுநரிடம் காசு கொடுத்து வாங்கினால் 3.10. இப்போது எல்லாமே கொஞ்சம் ஏறியிருக்கும், ஆனாலும் நாலு தடவை ஏறினால் பாஸுக்குப் போட்ட காசு வந்துவிடும். அதே பாஸில் மெட்ரோவும் நகரப் பேருந்தும் அடக்கம்.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் நான் பாஸ் எடுக்கச் சொல்வதற்கு முக்கியமான காரணம் முதல் நாள் சாயங்காலம் நடந்தது. அன்று மத்தியானம்தான் வந்து இறங்கினோம், ஒருநாள் பாஸ் வீண் என்று நினைத்து ஒரு தடவைச் சீட்டாக வாங்கினேன். கதீட்ரலுக்குப் பக்கத்தில் டிராம் வந்து நின்றது. ஏறச் சொன்னேன். "ரெண்டு ஸ்டாப்புக்கு எதுக்குடா அவ்வளவு காசு, நடந்துடலாம்" என்று சொல்லி அம்மா மேட்டில் ஏற ஆரம்பித்துவிட்டார். கல் பாவிய நடைபாதை, செங்குத்தான ஏற்றம். ராத்திரி முழங்கால் வீங்கிப்போய் ஐஸ் வைக்க வேண்டியதாயிற்று. மறுநாள் காலை பாஸ் வாங்கி அம்மா கையில் கொடுத்தேன். அதற்கப்புறம் காசுப் பேச்சே எழவில்லை. ஒரு நிறுத்தத்துக்கு ஏறினார், ஏதாவது பிடித்திருந்தால் இறங்கினார், அடுத்த வண்டியில் மறுபடி ஏறினார். அன்று ஒரே நாளில் பத்துத் தடவைக்கு மேல் ஏறி இறங்கியிருப்போம். நம் வீட்டுப் பெரியவர்களை நாம் அறிவோம் இல்லையா? ஒவ்வொரு தடவையும் காசு போகிறது என்று தெரிந்தால் வலியைச் சொல்லாமல் நடந்துவிடுவார்கள். உங்கள் அப்பாவும் அப்படிப்பட்டவர் என்றால் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

24 மணி நேரம் என்பது நீங்கள் முதல் தடவை அட்டையை வைத்து எடுக்கும் நிமிடத்திலிருந்து ஓடும், நள்ளிரவோடு முடியாது. முதல் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் மறுநாள் இரண்டு மணி வரை செல்லும். அதனால் மூன்று நாளுக்கு மூன்று பாஸ் தேவைப்படாது. வந்து இறங்கும் நேரத்தைப் பொறுத்து இரண்டு போதும்.

எங்கே வாங்குவது? விமான நிலையத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது, அங்கே இயந்திரத்தில் வாங்கலாம். காகித அட்டைக்குத் தனியாக 50 சென்ட். அதைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த பாஸையும் அதிலேயே ஏற்றலாம். ஆளுக்கு ஓர் அட்டை கட்டாயம். நான் இருவருக்கும் சேர்த்து ஒரே அட்டையில் இரண்டு சீட்டு ஏற்றிவிட்டேன். மெட்ரோ கதவில் நான் உள்ளே போய்விட்டேன், அம்மா வெளியே நின்றுவிட்டார். ஊழியர் ஒருவர் வந்துதான் திறந்துவிட்டார். இன்னொன்று, பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு தடவை ஏறும்போதும் கருவியில் அட்டையை வைத்து எடுக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்ததா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

இப்போது 28ஆம் எண் டிராம். லிஸ்பன் என்றாலே எல்லோரும் சொல்வது இதைத்தான். மார்த்திம் மோனிஸ் சதுக்கத்திலிருந்து கிராசா, அல்ஃபாமா, கடைத்தெருப் பகுதியான பைஷா, எஸ்ட்ரெலா வழியாக பிரசெரெஸ் கல்லறைத் தோட்டம் வரை போகும். 1930களில் கட்டிய மஞ்சள் வண்டிகள், 1990களில் உள்ளே இருக்கும் மோட்டாரையும் பிரேக்கையும் மாற்றி ஓட்டுகிறார்கள். தண்டவாளத்தின் அகலம் 90 சென்டிமீட்டர்தான். நூறு மீட்டர் தூரத்துக்குள் 13 மீட்டருக்கு மேல் ஏறும் இடங்களிலும் பல்சக்கரம் எதுவும் இல்லாமல், இரும்புச் சக்கரத்தின் பிடியிலேயே ஏறிவிடுகிறது. மழை பெய்து தண்டவாளம் வழுக்கினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவிக்கொள்ளும். பெரிய வண்டி வாங்கி இவற்றை ஒழிக்க முடியாமல் போனதற்குக் காரணம் அந்தச் சந்துகளின் குறுகலும் வளைவும்தான். அல்ஃபாமாவில் சில இடங்களில் ஒற்றைத் தண்டவாளம்தான். எதிர் வண்டி வந்தால் விளக்கு பார்த்துக் காத்திருந்து போகும். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் வீட்டுச் சுவர் இடிக்கும், நீட்டவே கூடாது.

இந்த வண்டியில் உட்காரக் கிடைப்பது இருபது இடம். மார்த்திம் மோனிஸில் காலை ஒன்பது மணிக்கு மேல் போனால் வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். உங்கள் அப்பாவை அங்கே நிறுத்தாதீர்கள். நாங்கள் என்ன செய்தோம் என்றால், காலை ஏழு மணிக்கே பேருந்து பிடித்து மறுமுனையான பிரசெரெஸ் போய்விட்டோம். பாஸில் பேருந்தும் உண்டு என்பதால் கூடுதல் செலவில்லை. அங்கே வரிசையில் ஐந்தாறு பேர்தான். அம்மாவுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. முழு வழியும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தோம். கடைசி நிறுத்தத்தில் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள், அதே வண்டியில் உட்கார்ந்தபடி திரும்ப முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நேரத்தோடு போகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது. கிராசா மேட்டில் வயதானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் வண்டி. பத்து மணிக்கு மேல் நிறுத்தத்தில் கூடையோடு நிற்கும் பாட்டிகளால் எங்களைப் போன்ற பயணிகள் கூட்டத்தில் ஏறவே முடிவதில்லை. இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு நின்ற ஒரு பாட்டியைப் பார்த்தோம். நாங்கள் இறங்கி அவருக்கு இடம் கொடுத்தோம். பாஸ் கையில் இருந்ததால் அது ஒரு விஷயமாகவே படவில்லை. காலையில் சீக்கிரமோ, இரவு எட்டு மணிக்கு மேலோ போனால் அவர்களுக்கும் நல்லது, உங்களுக்கும் இடம் கிடைக்கும்.

பிக்பாக்கெட் பயம் 28இல் உண்மையானது. பின்பக்கப் பையில் எதுவும் வைக்காதீர்கள், நிற்க வேண்டி வந்தால் பையை முன்னால் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள்.

28 கிடைக்காவிட்டால் 12இல் ஏறுங்கள். அதே பழைய வண்டி, அல்ஃபாமாவைச் சுற்றிவரும் சின்ன வட்டம், கூட்டம் குறைவு. போர்தாஸ் டு சோல் நிறுத்தத்தில் இறங்கினால் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் அதற்கப்பால் தேஜோ ஆறும் தெரியும். அப்பாவால் ஒரு படிகூட ஏறாமல் பார்க்க முடியும். 24ஆம் எண் காமோன்ஸ் சதுக்கத்திலிருந்து கம்போலிட் வரை போகிறது, அதில் பெரும்பாலும் உள்ளூர் ஆட்கள்தான். 25உம் எஸ்ட்ரெலா பக்கம் போகும். மொத்தம் ஆறு டிராம் வழிகள்தான் இப்போது மிச்சம். சிவப்பு வண்டி வந்தால் ஏறிவிடாதீர்கள், அது தனிச் சுற்றுலா வண்டி, இந்தப் பாஸ் அதில் செல்லாது.

பாஸில் மலைச்சரிவு இழுவை ரயில்களும் சாந்தா ஜுஸ்தா லிஃப்டும் அடங்கும் என்று பல இடங்களில் படிப்பீர்கள். நாங்கள் போனபோது குளோரியா இழுவை ரயிலில் ஏறினோம். 2025 செப்டம்பர் 3 அன்று அதே ரயில் கம்பி அறுந்து கவிழ்ந்து 16 பேர் இறந்துபோனார்கள். செய்தியைப் பார்த்துவிட்டு அம்மா வெகுநேரம் எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகு மற்றவற்றையும் சோதனைக்காக நிறுத்தினார்கள். அதனால் அவற்றை நம்பித் திட்டம் போட வேண்டாம், டிராமையும் மெட்ரோவையும் மட்டும் கணக்கில் எடுங்கள்.

பெலெமுக்கு ஓர் அரை நாள் ஒதுக்குங்கள். மெட்ரோவில் காய்ஸ் டு சோட்ரே போய் அங்கிருந்து 15ஆம் எண் டிராம். லிஸ்பனில் மின்சார டிராம் முதன்முதலில் ஓடியது இந்த ஆற்றோரப் பாதையில்தான், 1901இல். இதில் நீளமான புது வண்டிகள் ஓடுகின்றன, தாழ்தளம், முழங்காலுக்குச் சிரமமில்லை. ஜெரோனிமோஸ் மடத்தில் வாஸ்கோடகாமாவின் கல்லறை இருக்கிறது. அந்த மடம், அருங்காட்சியகங்கள், பக்கத்து ஊரான சிந்த்ராவுக்குப் போகும் ரயில் எல்லாம் வேண்டுமென்றால் மட்டும் லிஸ்போவா கார்டு என்ற விலை கூடிய அட்டையைப் பாருங்கள். அதில் நுழைவுச் சீட்டுகளும் சேரும். நாங்கள் உள்ளே போய்ப் பார்த்தது குறைவு, எங்களுக்குச் சாதாரணப் பாஸே போதுமானதாக இருந்தது.

தமிழ் பேசும் பெரியவர்களுக்கு இந்த ஊரில் ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. 28இல் காற்று பலமாக அடித்தபோது எதிரே இருந்த பாட்டி அம்மாவைப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. அம்மா டக்கென்று ஜன்னலை மூடினார். "ஜனெலான்னு சொன்னாங்களேடா" என்றார். ஜன்னல், மேசை, அலமாரி, சாவி எல்லாம் போர்த்துக்கீசியரிடமிருந்து நமக்கு வந்த சொற்கள். சாவியை இங்கே இப்போது 'ஷாவ்' என்கிறார்கள். தமிழில் அச்சான முதல் புத்தகமும் 1554இல் இந்த ஊரில்தான் அச்சானது. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் கோத்து அச்சிட்டிருந்தார்கள். இதைச் சொன்னதும் அம்மா தெருப் பலகைகளை எல்லாம் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசி நாள் எங்கள் பாஸ் மத்தியானம் 1.20க்கு முடிய வேண்டும். 12.40க்குக் காமோன்ஸ் சதுக்கத்தில் இருந்தோம். அறைக்குப் போய்ப் பெட்டி கட்டலாம் என்றேன். அம்மா என் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு, வா" என்று வந்து நின்ற 24இல் ஏறிவிட்டார். பிரின்சிபி ரியால் பூங்காவில் இறங்கினோம். அங்கே ஒரு பழைய மரத்தின் கிளைகளை இரும்புப் பந்தலில் தாங்கி வைத்திருக்கிறார்கள், குடை போல இருபது மீட்டருக்கு மேல் விரிந்திருக்கிறது. அதன் கீழே பெஞ்சில் உட்கார்ந்து கையிலிருந்த ஆரஞ்சை உரித்துத் தின்றோம். 1.15க்கு வந்த வண்டியில் அட்டையை வைத்தபோது பச்சை விளக்குதான் எரிந்தது.