வெட்டு மெசின் பெல்ட் ஏன் கழல்கிறது? ரோலரைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: தம்பலகாமத்தில் இருந்து எழுதுகிறேன் ஐயா. என்னிடம் இறப்பர் பெல்ட்டில் ஓடும் நெல் வெட்டு மெசின் இருக்கிறது. இந்தப் பெரும்போகத்தில் இடது பெல்ட் மூன்று தடவை கழன்றுவிட்டது. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். கீழ் ரோலர்கள் தேய்ந்திருந்ததால் டவுனில் ஒரு லேத்தில் புது ரோலர் கடைந்து போட்டேன். சாஃப்ட் சுற்றாது, ரோலர் மட்டும்தான் சுற்றும். இரண்டு கிழமையில் பெயரிங் சத்தம் போடத் தொடங்கிவிட்டது. லேத்துக்காரர் பெயரிங் சரியில்லை என்கிறார், பெயரிங் கடைக்காரர் லேத் வேலை சரியில்லை என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: முதலில் கழன்ற பெயரிங்கைக் கையில் எடுத்து, அதன் வெளி வளையத்தின் முதுகைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மினுங்குகிறதா, அல்லது செங்கல் தூள் போல ஒரு துரு ஒட்டியிருக்கிறதா? இருந்தால் பெயரிங் மீது குற்றமில்லை. ரோலருக்குள் அது இறுக்கமாக உட்காரவில்லை, ஊர்ந்திருக்கிறது.

உங்கள் லேத்துக்காரர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். கை பழகிய வழக்கம்தான் இங்கே காலை வாரியிருக்கும். மோட்டர், தண்ணீர்ப் பம்ப் எல்லாவற்றிலும் சாஃப்ட் சுற்றும், கூடு நிற்கும். அதனால் பெயரிங்கைச் சாஃப்டில் இறுக்கமாக ஏற்றி, கூட்டுக்குள் கையால் தள்ளும் அளவுக்கு விடுவார்கள். உங்கள் ரோலரில் கதை தலைகீழ். மெசினின் பாரம் எப்போதும் ஒரே திசையில்தான் அமுக்குகிறது; சுற்றுவது வெளி வளையம். அதன் ஒவ்வொரு புள்ளியும் முறை வைத்து அந்தப் பாரத்துக்குள் வந்து போகிறது. அப்படிச் சுற்றும் வளையம் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் இருக்கையை அரக்கி அரக்கிப் பெரிதாக்கிவிடும். ஆகவே இறுக்கம் ரோலருக்குள் வேண்டும், சாஃப்டில் கையால் ஏறினால் போதும்.

அளவாகச் சொல்கிறேன். 6206 பெயரிங் என்றால் உள் விட்டம் 30, வெளி விட்டம் 62 மில்லிமீற்றர். ரோலரின் துளை 61.97க்கும் 61.99க்கும் இடையில் நிற்க வேண்டும், சாஃப்ட் 29.98க்கும் 29.99க்கும் இடையில். வெளி வளையம் இறுகும்போது குண்டுகளுக்கான இடைவெளி குறையும் என்பதால், சி3 என்று பொறித்த பெயரிங்கைக் கேட்டு வாங்குங்கள். இந்த அளவை வேணியரால் பிடிக்க முடியாது. உள் அளவுக்குரிய மைக்ரோமீற்றர் வேண்டும், வேலைத் துண்டு ஆறியிருக்கவும் வேண்டும். கடைந்த சூட்டில் துண்டு 40 பாகை கூடுதலாகச் சுட்டாலே 62 மில்லிமீற்றர்த் துளை ஏறக்குறைய 0.03 மில்லிமீற்றர் விரிந்து காட்டும். சூட்டில் சரியாக இருந்தது ஆறியதும் பெயரிங்கை நெரிக்கும். ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து அளக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றை லேத்தடியிலேயே நின்று பாருங்கள். ஒரு பக்க இருக்கையைக் கடைந்துவிட்டு, ரோலரைத் திருப்பி மூன்று தாடைச் சக்கில் பிடித்து மறுபக்கத்தைக் கடைகிறார்களா? பழைய சக்கில் 0.05, 0.10 மில்லிமீற்றர் விலகல் சாதாரணம். இரண்டு இருக்கைகளின் மையமும் ஒன்றாக வராது. புதுப் பெயரிங் முதல் நாளே கோணிக்கொண்டுதான் ஓடும். ஒரே பிடியில் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் வரை ஒரே அளவில் துளைத்து, இரண்டு பெயரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய்த் துண்டை இடைவெளிக்கு வைப்பதுதான் எளிய வழி. பொருத்தும்போது பெயரிங்கைச் சுத்தியலால் அடிக்க வேண்டாம். ரோலரை 100 பாகை வரை சூடாக்கினால் துளை 0.05 மில்லிமீற்றர் விரியும், பெயரிங் தானாக இறங்கும். ஒயில் சீலை அதன் பிறகு போடுங்கள்.

சீலைப் பற்றியும் சொல்லவேண்டும். வயல் சேறு உள்ளே வராமல் தடுப்பதே இங்கு முக்கியம்; ஆகவே சீலின் பிரதான உதடு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். அது உரசும் இடத்தில் சாஃப்ட் வழவழப்பாக இருக்கட்டும். கடைசல் உளியின் சுருள் கோடு அங்கே மிஞ்சினால் அது திருகாணி மாதிரி வேலை செய்து சேற்றை உள்ளே இழுக்கலாம்.

இனி இறுக்கும் பழக்கத்துக்கு வருகிறேன். உங்கள் மெசினை இதுதான் அதிகம் கெடுக்கிறது. குண்டுப் பெயரிங்கின் ஆயுள் பாரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். பாரம் இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்று. பெல்ட்டை மிஞ்சி இறுக்கினால் அந்தச் சுமை பெல்ட்டை ஓட்டும் பற்சக்கரமான முன் ஸ்புரொக்கற், பின் சக்கரம் இரண்டின் பெயரிங்கிலும் இரவு பகலாக நிற்கும். அதன்மேல் பற்களுக்கு இடையில் சேறு இறுகும்போது ஸ்புரொக்கற்றின் சுற்றளவு கூடியது போலாகி, இழுவை இன்னும் ஏறும்.

பெல்ட் எதற்காக வந்தது என்று நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். கலிபோர்னியாவில் சன் வாக்கின் ஆற்றுக் கழிமுகத்தின் இளகிய மண்ணில் நீராவி உழவு இயந்திரங்களின் சக்கரங்கள் புதைந்துகொண்டே இருந்தன. பெஞ்சமின் ஹோல்ட் பின்சக்கரங்களைக் கழற்றி, சங்கிலியில் பலகைகளைக் கோத்த தடத்தைப் போட்டு 1904 நவம்பர் 24இல் ஓட்டிப் பார்த்தார். மண்ணை அமுக்கும் பரப்பைக் கூட்டினார், அவ்வளவுதான். உங்கள் மெசின் 3,000 கிலோ, பெல்ட் 45 சென்ரிமீற்றர் அகலம், மண்ணில் படும் நீளம் 160 என்று வைத்தால், இரண்டு பெல்ட்டும் சேர்ந்து ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 0.21 கிலோதான் விழும். 70 கிலோ மனிதர் ஒற்றைக் காலை ஊன்றினால் 0.35 அளவில் வரும். கந்தளாய்த் தண்ணீர் பாயும் வயலில் உங்கள் கால் புதையும் இடத்திலும் மெசின் மிதந்து போவது இதனால்தான். பாரத்தை அந்தப் பரப்பு முழுக்கப் பிரித்துக் கொடுப்பவை கீழ் ரோலர்கள். தேய்ந்த ரோலர் பெல்ட்டின் நடு இரும்புகளைப் பிடித்து நேராக நடத்தாது. எவ்வளவு இறுக்கினாலும் திருப்பத்தில் பெல்ட் ஏறி விழும்.

தொய்வை இப்படிப் பாருங்கள். மெசினை ஜக்கில் தூக்கி, சட்டத்துக்குக் கீழே மரக்கட்டை அடுக்கி, சேற்றைக் கழுவி விடுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே கை வைக்காதீர்கள். நடு ரோலருக்கும் தொங்கும் பெல்ட்டின் உட்புறத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், சிறிய இறப்பர் பெல்ட் இயந்திரங்களில் பொதுவாக 10 முதல் 20 மில்லிமீற்றர் இருக்கும். உங்கள் மெசினின் கைநூல் வேறு அளவு சொன்னால் அதையே எடுங்கள்.

இடது பக்கம் மட்டும் கழல்வதால் அந்தப் பக்கத்தில் ஒரு நூலைப் பிடித்து, ஸ்புரொக்கற், ரோலர்கள், பின் சக்கரம் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று விலகினாலும் புது ரோலர் போட்டுப் பயனில்லை; சட்டம் வளைந்திருக்கலாம். ஓட்டுனர் எப்போதும் ஒரே பக்கம், நின்ற இடத்திலேயே திருப்புகிறாரா என்றும் கேளுங்கள். வரம்போரத்தில் அப்படித் திருப்புவதை விட்டு, முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பச் சொல்லுங்கள்.

நூல் பிடிக்கும் வேலையை முதலில் முடியுங்கள். கோடு நேராக இருந்தால் மட்டும் ரோலருக்குக் காசு போடுங்கள். போட்டு ஒரு நாள் ஓடியதும் மறுபடி ஜக்கில் தூக்கித் தொய்வை அளந்து, ஒவ்வொரு ரோலரையும் கையால் சுற்றிப் பாருங்கள். பெயரிங் இருக்கும் இடம் கை வைக்க முடியாமல் சுட்டால், அந்த ஒன்றை உடனே கழற்றுங்கள்.