சாரம் கட்டுற புரோட்டீன்: வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைச் சுத்தி இருந்துச்சு, லேப்ல செஞ்சு குப்பில விக்கற புரோட்டீன், எல்லாமே வடசென்னைலேர்ந்து. அதனால மத்த கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

என் பொண்ணு எம்.எஸ்சி பயோடெக்னாலஜி ரெண்டாவது வருஷம். ப்ராஜெக்ட்டுக்கு 'ரீகாம்பினன்ட் ஹியூமன் புரோட்டீன்' வாங்கணும்னு சொல்றா. 50 மைக்ரோகிராமுக்கு எங்க மாச வாடகையை விட ஜாஸ்தி விலை. ஹியூமன்னு போட்டிருக்கே, மனுஷங்க ரத்தத்துலேர்ந்து எடுக்கறதா? பொண்ணு அதைத் தொடலாமா? பயமா இருக்கு.
— வாசகி, தண்டையார்பேட்டை

பயப்படாதீங்கம்மா, எந்த மனுஷன் உடம்புலேர்ந்தும் அதை எடுக்கல. மனுஷனோடது அந்த புரோட்டீனை எழுதி வச்சிருக்கற குறிப்பு மட்டும்தான், அதாவது ஜீன். சமைச்சது பெரும்பாலும் பாக்டீரியா. அதுலயும் ஈ.கோலை, நம்ம குடல்லயே இருக்கற ஜாதி, ஆனா லேப்ல வளர்க்கறது நோய் தராத வகை. மனுஷ ஜீன்ல நடுநடுவுல வேண்டாத துண்டு நிறைய இருக்கும், நம்ம செல்லு அதை வெட்டிப் போட்டுட்டுப் படிச்சுக்கும், பாக்டீரியாவுக்கு அது தெரியாது, அதனால வெட்டி முடிச்ச பிரதியை எடுத்து பிளாஸ்மிட்னு ஒரு வட்ட டிஎன்ஏல ஒட்டி உள்ள அனுப்புவாங்க. 37 டிகிரில, ஷேக்கர்ல, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெட்டிப்பாகும். போதுமான அளவு வளர்ந்ததும் ஐபிடிஜினு ஒரு கெமிக்கல் போட்டா அந்த ஜீன் முழிச்சுக்கும். அப்புறம் சூட்டைக் குறைச்சு 18 டிகிரில ராத்திரி பூரா விட்டு, காலைல செல்லை உடைச்சு, நம்ம புரோட்டீனை மட்டும் பிரிச்சு எடுக்கறது. பிரிக்கறதுக்கு வசதியா புரோட்டீன் ஓரத்துல ஹிஸ்டிடின்ங்கற அமினோ அமிலம் ஆறைக் கோத்து வச்சிருப்பாங்க, அந்த வால் நிக்கல்ல போய் ஒட்டிக்கும், மத்ததெல்லாம் கழுவிட்டுப் போயிடும்.

இந்த வழிக்கு 1973ல ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் வாசல் திறந்தாங்க. 1978ல பாக்டீரியால மனுஷ இன்சுலின் செஞ்சாங்க, 1982ல அது மருந்தா அனுமதி வாங்குச்சு. அதுக்கு முன்னால பன்னி, மாட்டோட கணையத்துலேர்ந்துதான் இன்சுலின் எடுத்தாங்க. உங்க தெருவுல யாராவது ஹ்யூமன் இன்சுலின் போட்டுக்கிட்டா அதுவும் இந்தக் குடும்பம்தான்.

குப்பிக்குள்ள ஒண்ணும் தெரியலன்னு அவ சொன்னா நம்புங்க. ஒரு கடுகே சுமார் ரெண்டு மில்லிகிராம் இருக்கும், 50 மைக்ரோகிராம்னா அதுல நாப்பதுல ஒரு பங்கு. உறைய வச்சு உலர்த்தினது கண்ணாடில படிஞ்சு கிடக்கும். திறக்கறதுக்கு முன்னால சென்ட்ரிஃப்யூஜ்ல ஒரு சுத்து விட்டுக்கச் சொல்லுங்க, தூள் மூடில ஒட்டியிருந்தா வாடகைப் பணம் மூடியோட போயிடும். க்ளவுஸ் போட்டுக்கணும், அது அவளைக் காப்பாத்தறதுக்குன்னு இல்ல, நம்ம தோல்ல இருக்கற நொதி அந்த புரோட்டீனை வெட்டிடக் கூடாதுன்னு.

நான் பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கறேன். ஒரு பையன் 'ஸ்கேஃபோல்ட் புரோட்டீன்னா என்ன சார்'னு கேட்டான். படிச்சுப் பாத்தா அது எந்த வினையும் செய்யறதில்லன்னு இருக்கு. வேலை செய்யாத புரோட்டீனுக்கு ஏன் இவ்ளோ ஆராய்ச்சி?
— ஆசிரியர், ராயபுரம்

ரொம்ப நல்ல கேள்வி, அந்தப் பையனை விட்டுடாதீங்க சார். ஸ்கேஃபோல்டுக்கு நம்ம கொத்தனார்கள் வச்சிருக்கற சொல்லே போதும்: சாரம். சவுக்குக் கம்பு கட்டி, அது மேல நின்னு பூசறோம். சாரம் பூசாது, செங்கல் வைக்காது. ஆனா அது இல்லாம மூணாவது மாடிச் சுவத்துக்கிட்ட கையே போகாது.

செல்லுக்குள்ள சேதி போறது கை மாத்தி கை மாத்தி. வெளிய ஒரு வளர்ச்சிக் காரணி வந்து செல்லு மேல சேதி வாங்கறதுக்குன்னு இருக்கற ரிசெப்டரைத் தொட்டா, உள்பக்கம் ஜிஆர்பி2ங்கற புரோட்டீன் வந்து ஒட்டும் (இனிமே வர்ற பேரெல்லாமும் புரோட்டீன் பேர்தான்), அது கூட்டிட்டு வர்ற எஸ்ஓஎஸ் ராஸைத் தட்டி எழுப்பும், ராஸ் ராஃபை, ராஃப் மெக்கை, மெக் எர்க்கை, எர்க் உட்கருவுக்குப் போய் 'பிரிஞ்சு பெருகு'னு சொல்லும். கேக்க சுலபமா இருக்கு, ஆனா செல்லுக்குள்ள பாரிமுனை சாயங்கால நெரிசல் மாதிரி, ஆயிரக்கணக்கான வகை புரோட்டீன் இடிச்சுக்கிட்டு ஓடுது. இந்த நெரிசல்ல ராஃப் மெக்கை எப்படித் தேடிப் பிடிக்கும்? அங்கதான் கேஎஸ்ஆர்னு ஒரு சாரம் வருது. ராஃப், மெக், எர்க் மூணையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வைக்குது. 1995ல பழ ஈயிலயும் ஒரு சின்னப் புழுவுலயும் ஜீன் தேடும்போது இதைக் கண்டுபிடிச்சாங்க. ஈஸ்ட்ல இதே வேலையை ஸ்டெ5 பண்ணுது, ஸ்டெ11, ஸ்டெ7, ஃபஸ்3ன்னு மூணு பேரைப் பிடிச்சு வச்சுக்குது.

பக்கத்துல கொண்டு வர்றதோட முடியல. ஈஸ்ட்ல அதே ஸ்டெ11 இன்னொரு பாதையிலயும் வேலை பாக்குது, உப்பு ஜாஸ்தியானா தாங்கிக்கற பாதை. ஒரே ஆள் ரெண்டு கம்பெனில வேலை பாக்கும்போது இந்தச் சேதி அந்தப் பக்கம் போயிடாம இருக்கறதுக்கும் சாரம்தான் காரணம். வினை செய்யலன்னு ஒதுக்கிட முடியாது, யார் யாரோட பேசலாம்னு முடிவு பண்றதே அதுதான், எனக்கு உயிரியல்லயே ரொம்பப் பிடிச்ச இடம் இது.

14-3-3னு ஒரு புரோட்டீனுக்குப் பேர். ஏதாவது கணக்கா?
— வாசகர், கொருக்குப்பேட்டை

1967ல மாட்டு மூளைப் புரோட்டீன்களை 'காலம்'னு சொல்ற பிரிக்கற தூண்ல விட்டுப் பிரிச்சப்ப எந்தக் குழாய்ல விழுந்துச்சு, அப்புறம் கரன்ட் விட்டுப் பிரிக்கற ஜெல்லுல எந்த இடத்துல நின்னுச்சுங்கற நம்பர்தான் பேரா நின்னுடுச்சு. மனுஷன்ல ஏழு வகை இருக்கு. குப்பி வாங்கறவங்க எந்த வகைன்னு பாத்து வாங்கணும்.

மெக்கும் எர்க்கும் போட்டு எக்ஸ்பெரிமென்ட் பண்றேன். சாரப் புரோட்டீனைக் கொஞ்சம் சேத்தா சிக்னல் ஏறுது, அதுக்கு மேல சேத்தா இறங்குது. மூணு தடவை பண்ணியும் அதேதான். புரோட்டீன் கெட்டுப்போச்சு, இல்ல நீ தப்பா பிப்பெட் பண்றன்னு சொல்றாங்க. மனசே விட்டுப்போச்சு சார்.
— ஆராய்ச்சி மாணவர், வியாசர்பாடி

தம்பி, மனசை விடாத. மூணு தடவையும் அதே மாதிரி ஏறி இறங்குச்சுன்னா நீ சரியா பண்றேன்னுதான் எனக்குப் படுது. சாரத்தோட குணமே அது.

உங்க ஏரியால தெருமுனைக்குத் தெருமுனை கேரம் கிளப் இருக்குல்ல, அதை நினைச்சுக்க. நாலு பேர் ஒரே போர்டுல உக்காந்தாதான் டபுள்ஸ். நூறு போர்டு, நானூறு பேர், எல்லா போர்டுலயும் ஆட்டம் நடக்குது. இப்ப போர்டை மட்டும் ஆயிரமாக்கு, ஆள் அதே நானூறு, அவனவன் கண்ணுல பட்ட போர்டுல உக்காந்துட்டு எழுந்திருக்கவே மாட்டேங்கறான். என்ன ஆகும்? ஒரு போர்டுல ஒருத்தன், இன்னொண்ணுல ரெண்டு பேர், எல்லாரும் ஸ்ட்ரைக்கரைக் கையில வச்சுக்கிட்டு ஆளுக்காகக் காத்திருப்பான்.

கணக்காவே போட்டுப் பாரு. மெக் 100, எர்க் 100, சாரம் 100, நல்லா இறுக்கமா ஒட்டுதுன்னு வச்சுக்கிட்டா 100 ஜோடி. சாரம் 1000 ஆச்சுன்னா ஒரு சாரத்துல மெக் இருக்க பத்துல ஒரு வாய்ப்பு, எர்க் இருக்கவும் பத்துல ஒண்ணு, ரெண்டும் ஒரே சாரத்துல இருக்க நூறுல ஒண்ணு, அப்ப ஆயிரத்துல வெறும் 10 ஜோடி. ராஃபையும் சேத்து மூணு பேர்னா ஆயிரத்துல ஒண்ணு, மொத்தமே ஒரே ஒரு முழுக் கூட்டணி! இதுக்குப் புரோசோன்னு பேர், ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாக்கறவங்களுக்கு இந்தச் சொல் தெரியும், ஆன்டிபாடி அளவுக்கு மீறி இருந்தா கட்டி சேராம நெகட்டிவ் மாதிரி காட்டுமே, அதே சங்கதி. கேஎஸ்ஆர் கண்டுபிடிச்ச புதுசுலயும் ஒருத்தர் இது சிக்னலை ஏத்துதுன்னாங்க, இன்னொருத்தர் தடுக்குதுன்னாங்க. அவங்கவங்க போட்ட அளவு அப்படி.

அதனால ஒரு அளவுல நிறுத்தாம ஏழெட்டு அளவு வச்சு முழு வளைவையும் போடு. மணி மாதிரி ஏறி இறங்கற வளைவு வந்தா அதையே முதல் படமா வை. ஆனா அதுக்கு முன்னால ரெண்டு விஷயம் சரிபாரு. நீ மைக்ரோகிராம்ல போடறியா, மோல்ல, அதாவது எண்ணிக்கைக் கணக்குல போடறியா? கேஎஸ்ஆரோட மூலக்கூறு எடை கிட்டத்தட்ட 100 கிலோடால்டன், எர்க்கோடது 42. ஒரு மைக்ரோகிராம் கேஎஸ்ஆர்ல 10 பிகோமோல்தான் இருக்கும், அதே ஒரு மைக்ரோகிராம் எர்க்ல 24. எடை சமம்னா எண்ணிக்கை சமம் இல்ல. ரெண்டாவது, உன் குப்பில என்ன டேக், அதாவது பிரிக்கறதுக்காக ஒட்டின வால்? ஜிஎஸ்டி டேக்னா உஷார் (வரி இல்ல, குளுட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ்ங்கற புரோட்டீன்). அது தானே 26 கிலோடால்டன், அதோட ரெண்டு ரெண்டா ஜோடி சேரற குணம் அதுக்கு உண்டு. உன் புரோட்டீன் சேத்து வைக்குதா, டேக் சேத்து வைக்குதான்னு குழப்பம் வந்துடும், டேக்கை வெட்டிட்டு ஒரு தடவை பண்ணு, வெறும் ஜிஎஸ்டி மட்டும் போட்டும் ஒரு தடவை பண்ணு.

நானும் ஒரு காலத்துல ஆறு மாசம் ஒரு குப்பியோட மல்லாடினேன். லேபிள்ல 95 சதவீதம் சுத்தம்னு இருந்துச்சு, உண்மைதான், ஜெல்லுல ஒரே கோடு. ஆனா அது முழு புரோட்டீன் இல்ல, பாதித் துண்டு, நான் தேடின ஒட்டுற இடமே அதுல இல்ல. எந்த அமினோ அமிலத்துலேர்ந்து எது வரைக்கும்ங்கற எண் சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு, நான் படிக்கல. சாரப் புரோட்டீன் நீளமா, நடுவுல தளதளன்னு உருவமில்லாத பகுதியோட இருக்கறதால முழுசா செய்யறது கஷ்டம், பாதிதான் நிறைய விக்கறாங்க. சுத்தம் வேற, வேலை செய்யறது வேற, இதை யாரும் எனக்கு அப்ப சொல்லல, அதான் உனக்கு இவ்ளோ நீட்டிச் சொல்றேன்.

எங்க அண்ணன் பையன் லேப்ல கரன்ட் போய் ஃப்ரீசர் நின்னுடுச்சாம், புரோட்டீனெல்லாம் உருகிடுச்சாம், திரும்ப உறைய வச்சிட்டேன் பரவால்லல்லன்னு கேக்கறான்.
— வாசகர், காசிமேடு

உங்களுக்குத் தெரியாததா, ஒரு தடவை இளகின மீனைத் திரும்ப ஐஸ்ல வச்சா புது மீனாகுமா? புரோட்டீனும் அப்படித்தான், ஒவ்வொரு தடவை உறைஞ்சு உருகும்போதும் கொஞ்சம் மடிப்பு கலைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாகும். தூக்கிப் போட வேண்டாம், சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்திட்டு மேல இருக்கறதுல எவ்ளோ மிச்சம்னு அளந்துட்டு, பழைய அளவோட வேலை ஒத்துப் போகுதான்னு பாக்கச் சொல்லுங்க. இனிமே வாங்கின அன்னைக்கே ஒரு நாள் வேலைக்கு ஒரு குழாய்னு பிரிச்சு -80ல வைக்கட்டும். ரொம்ப நீர்க்க வச்சா பிளாஸ்டிக்லயே ஒட்டிக்கும், கொஞ்சம் பிஎஸ்ஏ, அதாவது மாட்டு ரத்தப் புரோட்டீன் சேத்தா நிக்கும், ஆனா ஜெல்லுல ஓட்டறதுக்கோ சாயம் ஏத்தறதுக்கோ வேணும்னா பிஎஸ்ஏ சேக்காததுதான்.

அப்பாவுக்கு நுரையீரல் கேன்சர். ஈஜிஎஃப்ஆர் மியூட்டேஷன்னு ரிப்போர்ட். தெரிஞ்சவர் ஒருத்தர் 'சிக்னல் புரோட்டீன்' குப்பி வரவழைச்சுத் தர்றேன், ஊசியா போட்டா கட்டி நிக்கும்னு பணம் கேக்கறார்.
— வாசகி, பெரம்பூர்

தயவு செஞ்சு கொடுக்காதீங்கம்மா. அந்தக் குப்பி மேலயே 'ஆராய்ச்சிக்கு மட்டும்'னு இருக்கும். பாக்டீரியால செஞ்சதுல அதோட சுவர்ப் பொருள் எண்டோடாக்சின் மிச்சம் இருக்கலாம், ரத்தத்துல போனா காய்ச்சல், பிரஷர் இறங்கறது, உயிருக்கே ஆபத்து. அதோட இந்தப் புரோட்டீனெல்லாம் செல்லுக்குள்ள வேலை பாக்கறது, ஊசில போட்டா உள்ளயே போகாது.

ஆனா உங்க அப்பா ரிப்போர்ட்ல இருக்கற அந்த வார்த்தை ரொம்ப முக்கியம். மேல சொன்னேனே, சேதியை முதல்ல வாங்கற ரிசெப்டர், அதுதான் ஈஜிஎஃப்ஆர். அதுல வர்ற சில மாற்றங்களுக்கு மாத்திரையே இருக்கு, ஜெஃபிடினிப், ஓசிமெர்டினிப் மாதிரி. எது பொருந்தும், பொருந்துமா இல்லையான்னு புற்றுநோய் டாக்டர்தான் சொல்ல முடியும். அந்த ரிப்போர்ட்டோட ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்க, இல்ல 1954லேர்ந்து இருக்கற அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்குப் போங்க, நாளைக்கே போங்க.

இவ்ளோ விலை கொடுத்து வாங்கறதுக்கு நம்ம பசங்களே செய்ய முடியாதா?
— வாசகர், திருவொற்றியூர்

தாராளமா முடியும். 1997லயே ஹைதராபாத்ல சாந்தா பயோடெக்னிக்ஸ் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இந்த வழியில செஞ்சு விலையை இறக்கிக் காட்டினாங்களே. ஆராய்ச்சி அளவுக்குன்னா பிளாஸ்மிட் ஒரு தடவை கைக்கு வந்தா போதும், ஜிஆர்பி2 மாதிரி 217 அமினோ அமிலச் சின்னப் புரோட்டீன் ஒரு லிட்டர் வளர்ப்புலயே மில்லிகிராம் கணக்குல வரும், குப்பில விக்கறது மைக்ரோகிராம்ல. கேஎஸ்ஆர் மாதிரி பெருசுதான் அடம் பிடிக்கும், பாக்டீரியால கட்டியாயிடும், பூச்சி செல்லு இல்ல ஹெக் 293 மாதிரி மனுஷ செல்லுல செய்யணும், அதுக்குத் தனி ரூம், தனி இன்குபேட்டர் வேணும். தண்டையார்பேட்டை அம்மாவும் இதைப் படிப்பாங்கன்னு நினைக்கறேன். உங்க பொண்ணு கேக்கறது சின்னப் புரோட்டீன்னா, ஆர்டர் போடறதுக்கு முன்னால அவ டிபார்ட்மென்ட்ல புரோட்டீனைப் பிரிக்கற நிக்கல் காலம் இருக்கான்னு விசாரிக்கச் சொல்லுங்க.